சொற்பொருள் தேர்ந்த வடலூர் வள்ளலார்

கடலூர் மஞ்சக்குப்பம் என்றவுடன் நம் குடும்பங்களில் முதியோர்க்கு நினைவுக்கு வருவது நீதிமன்றம். திண்டிவனமும் செஞ்சியும் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்த நாளில், வரப்புத் தகராறானாலும் பாகப்பிரிவினையானாலும் பத்திரக் கட்டைச் சுமந்துகொண்டு அங்கேதான் செல்ல வேண்டியிருந்தது. அதே மஞ்சக்குப்பத்தில் 1869ஆம் ஆண்டு நிலமும் பொன்னும் தொடர்பில்லாத ஒரு வழக்கு நடந்தது. அதன் வேர் ஒரு சொல். அச்சொல் ஒரு நூலின் முகப்பில் அச்சிடப்பட்டிருந்தது. வழக்குத் தொடுத்தவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர். எதிர்நின்றோருள் ஒருவர் மருதூர் இராமலிங்கர். இராமலிங்கரையே இன்று உலகம் வள்ளலார் என்று வழங்குகிறது.

நம் சமூகத்தார் வள்ளலாரைப் பற்றி இருவகை எண்ணம் உடையோராய் இருக்கக் காண்கிறோம். கொல்லாமையும் புலால் மறுத்தலும் உரைத்தவர் என்ற அளவில் அவரைப் போற்றுகிறோம். சைவ சமயக் குரவர் நால்வரைப் பாடியவர் என்ற அளவில் சற்றே விலகியும் நிற்கிறோம். இவ்விரண்டையும் ஒருபுறம் வைத்துவிட்டு, அவர் சொற்களை எவ்வாறு கையாண்டார் என்ற ஒன்றை மட்டும் பார்த்தால், அவருடைய வாழ்க்கை நமக்கு மிக அண்மையில் வந்துவிடுகிறது. ஏனெனில் தருக்கத்தின் வாயிற்படியே சொல்தான். ஒரு சொல் எதைக் குறிக்கிறது, எந்த நிலையில் குறிக்கிறது, அதன் இலக்கணம் குறையின்றியும் மிகையின்றியும் அமைந்துள்ளதா என்று தேர்ந்த பிறகே வாதம் தொடங்க வேண்டும் என்பது நம் ஆசாரியர்கள் வகுத்த முறை.

இராமலிங்கர் 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள், சிதம்பரத்திற்கு வடமேற்கே உள்ள மருதூரில் பிறந்தார். தந்தையார் இராமையா பிள்ளை, ஊர்க்கணக்கர், தாயார் சின்னம்மையார். குழந்தையாய் இருக்கும்போதே தந்தையை இழந்தார். குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. தமையனார் சபாபதி பிள்ளை புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைக் காத்தார். காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் தம்பியைப் படிக்க அனுப்பியதும், தம்பி பாடத்தில் மனம் வையாது கந்தகோட்டத்தில் பாடிக்கொண்டிருந்ததும் பலரும் அறிந்த செய்திகள். அவற்றை இங்கு விரிக்க வேண்டியதில்லை.

நாம் கவனிக்க வேண்டியது, அவர் முதன்முதலில் உலகத்தார்க்கு அறிமுகமானது பதிப்பாசிரியராகவும் உரைகாரராகவும் என்பதை. 1851இல் ஒழிவிலொடுக்கத்தை அச்சிட்டார். அதன் ஆசிரியர் பெயர் கண்ணுடைய வள்ளலார். பின்னாளில் தமக்கே வந்து ஒட்டிக்கொள்ளப் போகும் பெயரைத் தாங்கிய பழைய ஆசிரியர் ஒருவரின் நூலையே அவர் முதலில் எடுத்தார் என்பது ஒரு வியப்பு. பின்பு தொண்டமண்டல சதகத்தைப் பதிப்பித்தபோது, அந்நாட்டின் பெயர் தொண்டை என்று ஐகாரம் பெற்று வருமா, தொண்ட என்று நிற்குமா என்று ஒரு வினா எழுந்தது. வேறொருவர் ஓரடிக் குறிப்போடு விட்டிருப்பார். இராமலிங்கர் நூற்பெயர் இலக்கணம் என்று தனியே ஒரு கட்டுரையே எழுதினார். ஒரு பெயரின் ஈற்றெழுத்துக்காக இத்தனை பக்கமா என்று இன்றைய வாசகர் சலிப்படையலாம். ஆனால் பெயர் என்பது எதனால் வந்தது, எந்த விதியால் திரிந்தது என்று கேளாமல் அவரால் மேலே செல்ல முடியவில்லை. தமிழ் என்னும் சொல்லின் பொருள் குறித்தும் தனியே ஓர் உரை எழுதியிருக்கிறார்.

1858 வாக்கில் சென்னையை விட்டுச் சிதம்பரம் நோக்கி வந்தார். பின்னர்க் கருங்குழியில் மணியக்காரர் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் பல ஆண்டுகள் தங்கினார். அங்கிருந்து அடிக்கடி சிதம்பரம் சென்று வருவார். கடிதங்களில் சிதம்பரம் இராமலிங்கம் என்றே கையெழுத்திட்டார். 1865இல் சமரச வேத சன்மார்க்க சங்கம் தோன்றியது.

அவர் பாடல்களை அச்சிட வேண்டும் என்று அன்பர்கள் நெடுநாள் வற்புறுத்தினர். இறுக்கம் இரத்தின முதலியார் ஒப்புதல் கிடைக்கும்வரை ஒருவேளை உணவே கொள்வதென்று இருந்தார். இறுதியில் தொழுவூர் வேலாயுத முதலியார் பாடல்களைத் திருமுறைகளாகப் பகுத்து, 1867இல் முதல் நான்கையும் திருவருட்பா என்னும் பெயரால் வெளியிட்டார். பதிப்பு வேலை நடக்கும்போதே இராமலிங்கர் ஒரு கடிதம் எழுதினார். தம் பெயரோடு சாமி என்ற சொல்லைச் சேர்த்து அச்சிட வேண்டா என்றும், அது ஆரவாரமாகத் தோன்றுகிறது என்றும் அதில் கேட்டுக்கொண்டார். அதன்படி சாமி வரவில்லை. ஆனால் திருவருட்பிரகாச வள்ளலார் என்பது வந்துவிட்டது!

இதுகுறித்து ஒரு செவிவழிச் செய்தி உண்டு. இப்பெயரைக் கண்டு ஆசிரியர் வருந்தினாராம். அதற்கு வேலாயுத முதலியார், அதை வள்ளலார் என்று சேர்த்துப் படிக்க வேண்டா, திருவருட்பிரகாச வள்ளல் யார் என்று வினாவாகப் பிரித்தும் படிக்கலாம் என்று விடை கூறினாராம். நடந்ததோ இல்லையோ, இச்செய்தி ஓர் உண்மையைக் காட்டுகிறது. ஒரே எழுத்துத் தொடர். சேர்த்தால் பட்டம், பிரித்தால் கேள்வி. பட்டம் என்றால் அது மெய்யா பொய்யா என்று ஆராயலாம். கேள்விக்கு மெய்யும் பொய்யும் இல்லை, விடை மட்டுமே உண்டு. அவையடக்கத்தோடு ஒரு மாணாக்கர் சொன்ன சாமர்த்திய விடையில் தருக்க நூலின் முதற்பாடம் ஒன்று அடங்கிக் கிடக்கிறது.

இனி, வழக்கின் வேராகிய சொல்லுக்கு வருவோம். அருட்பா என்பது அருள் பா என்னும் இரு சொற்கள் சேர்ந்த தொகை. தொகைநிலைத் தொடர்களில் உருபு மறைந்திருப்பதால் பொருள் மயங்கும் என்றும், அம்மயக்கம் இரண்டு முதல் ஏழு வரை செல்லும் என்றும் நன்னூலில் நம் பவணந்தி முனிவர் வரையறுத்தார். ஏழு பொருள் படுவதற்கு உரைகாரர் காட்டிய உதாரணம் எது தெரியுமா? சொற்பொருள் என்னும் தொடரே. சொல்லின் பொருள், சொல்லுக்குப் பொருள், சொல்லும் பொருளும் என்று அது விரிந்துகொண்டே போகும். பொருளைக் குறிக்கும் தொடரிலேயே பொருள் மயக்கத்தைக் காட்டிய அந்த உரைகாரரின் புன்சிரிப்பு நமக்குத் தெரிகிறது.

அருட்பாவும் அப்படியே. அருளை வேண்டும் பா எனலாம். அருளைப் பற்றிய பா எனலாம். இறைவன் அருளால் தோன்றிய பா எனலாம். படிப்போர்க்கு அருளைத் தரும் பா எனலாம். முதலிரண்டும் எந்தப் பக்தருடைய பாடலுக்கும் பொருந்தும். மூன்றாவது மிகப் பெரிய உரிமைக் கூற்று. நான்காவதைப் படித்தவர்தாம் சொல்ல வேண்டும். நூலின் முகப்பில் நின்ற சொல் இவற்றுள் எதைக் கருதியது என்று முகப்பு சொல்லவில்லை.

நாவலர் மூன்றாவதையே கொண்டார். அவருடைய பக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். சைவ மரபில் தேவாரம், திருவாசகம் முதலியவற்றை மட்டும் அருட்பா என்று வழங்கிவந்தனர். காரணம் பற்றி எழுந்த பெயராயினும், அக்காரணமுள்ள எல்லாவற்றுக்கும் செல்லாமல் சிலவற்றுக்கே உரியதாய் வழக்கில் நிலைத்துவிட்டால் அதைக் காரண இடுகுறி என்று இலக்கணிகள் கூறுவர். அந்தணர் என்றால் அழகிய தண்மையுடையார் எல்லாரையும் குறியாது ஒரு குலத்தாரையே குறிப்பது போல. அருட்பா என்னும் பெயரும், திருமுறை என்னும் பெயரும் அவ்வாறு எல்லை கட்டப்பட்டவை. அவற்றைப் புதிய நூலுக்கு இடுவது வரலாற்றையே குழப்புவதாகும் என்பது அவர் வாதத்தின் சாரம். கோயில்களில் தேவாரத்தின் இடத்தில் புதிய பாடல்களைச் சிலர் ஓதத் தொடங்கியதும் அவரை வருத்தியது. போலியருட்பா மறுப்பு என்னும் நூல் வேறொருவர் பெயரில் வெளிவந்தது; அதை எழுதியவர் நாவலரே என்பது அறிஞர் துணிபு. நன்னூலுக்குக் காண்டிகையுரை எழுதியவரும் அவரே. தொகையின் மயக்கத்தை அவரினும் நன்கு அறிந்தவர் அந்நாளில் எத்தனை பேர் இருந்திருக்கக் கூடும்? அறிந்தும் ஒரு பொருளையே பற்றி நின்றார். வாதத்தில் சூடு ஏறினால் இலக்கணமும் மறந்துபோகும் போலும்.

இவ்விடத்தில் நம் ஆகம மரபு தரும் கருவி ஒன்றை எடுத்துப் பார்க்கலாம். உமாஸ்வாதி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் முதல் அதிகாரத்திலேயே நால்வகை நிக்ஷேபத்தை வைத்தார். ஒரு சொல்லைக் கேட்டவுடன், அது நாமமாகச் சொல்லப்பட்டதா, தாபனையாகச் சொல்லப்பட்டதா, திரவியமாகவா, பாவமாகவா என்று கேட்க வேண்டும். அரசன் என்று பெயரிடப்பட்ட கடைக்காரர் நாம அரசர். சதுரங்கப் பலகையில் நிற்கும் மரக்கட்டை தாபனை அரசன். நாளை முடிசூட இருக்கும் இளவரசன் திரவிய அரசன். இன்று அரியணையில் இருந்து ஆள்பவனே பாவ அரசன். நால்வரையும் அரசன் என்றே அழைக்கிறோம். ஒருவர் கருதியதை மற்றவர் வேறாகக் கொண்டால் சண்டை வருகிறது.

யசோதர காவியத்தைச் சிறுவயதில் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதன்று. தாயின் சொற்கேட்டு யசோதரன் பலியிட்டது மாவினால் செய்த கோழியை. உயிருள்ள கோழி அன்று, தாபனைக் கோழியே. ஆயினும் கோழி என்று கருதிக் கொன்றமையால் தீவினை பிறவிதோறும் தொடர்ந்தது. பெயரும் உருவும் வெறும் பெயரும் உருவுமாய் நிற்பதில்லை. கருத்து அவற்றில் ஏறிவிடுகிறது என்பதை அக்கதை நினைவூட்டும்.

இக்கருவியைக் கொண்டு பார்த்தால் 1869ஆம் ஆண்டுப் பூசல் எளிதில் விளங்குகிறது. வேலாயுத முதலியார் நூலுக்கு இட்டது நாமம். ஆலயத்தில் தேவாரத்தின் இடத்தில் வைத்து ஓதியவர்கள் செய்தது தாபனை. நாவலர் அஞ்சியது அத்தாபனையை; ஆனால் மறுத்தது பாவத்தை, அதாவது இப்பாடல்கள் மெய்யாகவே அருளால் தோன்றியவை என்பதை. ஒருவர் நாமத்தைக் காக்க, மற்றவர் பாவத்தைத் தாக்க, இருவர் அம்பும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை.

சிதம்பரத்தில் நாவலர் 1864இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியிருந்தார். தில்லை தீட்சிதர்களின் பூசை முறை சிவாகமத்திற்கு ஒத்ததா, அவர்கள் சிவதீட்சை பெற்றவர்களா என்று அவர் எழுப்பிய வினாக்கள் அவர்களைச் சினங்கொள்ளச் செய்தன. நாவலரை எதிர்த்த தீட்சிதர்களும், நாவலரால் எதிர்க்கப்பட்ட இராமலிங்கரின் அன்பர்களும் ஒருபுறமாயினர். 1869ஆம் ஆண்டு ஆனி உத்திரத்தன்று கோயிலில் கூட்டம் நடந்தது. இராமலிங்கரும் அங்கு இருந்தார். தம்மை அங்கே இழித்துப் பேசினர் என்று நாவலர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார்.

நாவலர் என்பது 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் ஆறுமுகனார்க்கு அளித்த பட்டம். நாவன்மை உடையார் எவர்க்கும் பொதுவான சொல்லும் அதுவே. கூட்டத்தில் அச்சொல்லை வைத்து இராமலிங்கர் பலபடப் பொருள் விரித்தார் என்றும், அது சொல்லைப் பற்றிய பேச்சா, அச்சொல்லால் அழைக்கப்படும் ஒருவரைப் பற்றிய பேச்சா என்பதே வழக்கில் முடிச்சாயிற்று என்றும் ஒரு வழக்காறு உண்டு. நீதிமன்றத்தில் இராமலிங்கர் உள்ளே வந்தபோது வழக்காடியே எழுந்து வணங்கினார் என்று சொல்லப்படும் கதையை நாம் பொருட்படுத்த வேண்டியதில்லை; அது பின்னாளில் அன்பர்கள் கட்டியதாகவே தோன்றுகிறது. முடிவு இதுதான்: தீட்சிதர் ஒருவர்க்கு அபராதம் விதிக்கப்பட்டது; இராமலிங்கர் மீது குற்றம் நிலைபெறவில்லை. எது அருட்பா என்ற வினாவிற்கு நீதிமன்றம் விடை கூறவில்லை, கூறவும் இயலாது. இன்னார் இன்ன சொல்லை இன்னாரைக் குறித்துச் சொன்னாரா என்பது சாட்சியால் தீரும். ஒரு பாடலில் அருள் உண்டா என்பதைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி எப்படி விசாரிப்பது?

மஞ்சக்குப்பத்தை ஒட்டியதே திருப்பாதிரிப்புலியூர். அங்கேதான் நம் பழைய பாடலிபுரப் பள்ளி இருந்தது. சர்வநந்தி முனிவர் சக ஆண்டு 380இல், அதாவது 458இல், காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில் லோகவிபாகத்தை எழுதி முடித்த பாடலிகம் அவ்வூரே என்பர். தருமசேனர் என்ற பெயரோடு அப்பள்ளியில் இருந்தவரே பின்பு திருநாவுக்கரசர் ஆனார் என்று பெரிய புராணம் கூறுகிறது. அப்பள்ளியில் நயமும் நிக்ஷேபமும் பாடம் சொல்லப்பட்டிருக்கும். ஆயிரத்து நானூறு ஆண்டு கழித்து அதன் பக்கத்துத் தெருவில் வக்கீல்கள் ஒரு சொல்லின் பொருளுக்காக வாதாடிக்கொண்டிருந்தார்கள் என்பதை எண்ணும்போது நம் மனம் அங்கே சற்று நின்றுவிடுகிறது.

வழக்கிற்கு இரண்டாண்டு முன்னரே, 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வடலூரில் தருமச்சாலை தொடங்கப்பட்டிருந்தது. பார்வதிபுரத்தார் 80 காணி நிலம் அளித்தனர். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாது எரிகிறது. இத்தருமச்சாலையின் கொள்கை நூலாகிய ஜீவகாருண்ய ஒழுக்கத்தில்தான் இராமலிங்கருடைய தருக்கத் திறன் முழுமையாக வெளிப்படுகிறது என்பது நம் கருத்து. பாடல்களைப் படித்துக் கண்ணீர் விடுவோர் பலர்; இவ்வுரைநடையை ஊன்றிப் படிப்போர் சிலரே.

அந்நூல் வரையறையோடு தொடங்குகிறது. உயிர்களுக்குத் துன்பம் வரும் வாயில்களைப் பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை என்று ஏழாகப் பகுத்தார். அவற்றுள் பசியையும் கொலையையும் தனியே பிரித்து, இவ்விரண்டையும் நீக்குவதே மேலான ஜீவகாருண்யம் என்றார். பிறகு தடை எழுப்புவோர் வாயாகத் தாமே கேள்வி கேட்டு விடையளிக்கிறார். முன்செய்த வினையால் ஒருவன் பசித்திருக்கிறான் என்றால் அவனுக்குச் சோறிடுவது வினைப்பயனைத் தடுப்பதாகாதா என்பது ஒரு தடை. வினைக்கொள்கையில் நிலைத்த நாமும் இத்தடையைக் கேட்டதுண்டு. வாயிற்படியில் நிற்கும் இரவலனைக் காட்டி நம் வீட்டிலேயே சிலர் சொல்லியும் இருப்பர். சிறையில் அடைக்கப்பட்ட குற்றவாளிக்கும் அரசன் தன் சேவகரைக் கொண்டு உணவளிக்கிறான் அன்றோ என்று அவர் விடையளிக்கிறார். தண்டனை வேறு, பட்டினி வேறு. தண்டனை என்ற சொல்லுக்குள் பட்டினியையும் திணித்துக்கொண்டது தடை எழுப்பியவரின் குற்றம்.

அடுத்த தடைதான் நமக்கு மிக நெருங்கியது. மரமும் புல்லும் நெல்லும் உயிர்களே என்றால், அவற்றை உண்பதும் கொலையாகாதா? புலாலுண்ணும் நண்பர்கள் நம் பிள்ளைகளைக் கல்லூரி விடுதியில் மடக்கிக் கேட்கும் கேள்வி இதுவே. இராமலிங்கர் தாவரங்கள் உயிர் என்பதை மறுக்கவில்லை. அவை தொடுவுணர்ச்சி ஒன்றே உடையவை என்று நம் ஓரறிவுயிர்க் கொள்கையோடு ஒத்தே பேசுகிறார். ஆனால் உயிர் என்பதையும், உயிர் வந்து பொருந்துவதற்கு இடமான பொருள் என்பதையும் பிரிக்கிறார். வித்து இரண்டாவது வகை. காய், கனி, இலை முதலியவற்றைக் கொள்வது நகமும் மயிரும் களைவதைப் போன்றது. அதனால் அவ்வுயிர் கெடுவதில்லை. ஆயினும் முளைத்த முளையைப் பிடுங்குதல் ஆகாது என்று எல்லையும் கட்டுகிறார்.

இங்கே கொலை என்னும் சொல்லுக்கு இலக்கணம் வகுக்கப்படுவதைக் கவனிக்க வேண்டும். இலக்கணத்திற்கு அவ்வியாப்தி, அதிவியாப்தி, அசம்பவம் என மூன்று குற்றங்களை நம் நியாய நூல்கள் கூறும். உயிருள்ள ஒன்றிலிருந்து எதை எடுத்தாலும் கொலை என்றால், முடி திருத்துபவரும் கொலையாளி ஆவார். அது அதிவியாப்தி, செல்லத் தகாத இடத்திற்கும் செல்லுதல். ஐயறிவு உயிரைக் கொல்வது மட்டுமே கொலை என்றால் புழுவும் எறும்பும் விடுபட்டுப்போகும். அது அவ்வியாப்தி, செல்ல வேண்டிய இடத்திற்குச் செல்லாமை. உண்மையில் கற்களை மிதித்தலே கொலை என்று ஒருவன் சொன்னால் அது அசம்பவம். இவ்வெல்லைகளுக்கு நடுவே ஒரு வழி காண்பதே அவர் செய்த வேலை.

அவர் கண்ட வழி முழுவதும் நமக்கு உடன்பாடு அன்று என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கிழங்குகளை அவர் ஏற்றார்; நாம் ஓருடலில் அனந்த உயிர் தங்கும் அனந்தகாயம் என்று விலக்குகிறோம். வித்தை அவர் சடம் என்றார். நம் ஆகமங்கள் சசித்தம், அசித்தம் என்று நிலைக்கேற்பப் பகுக்கும். ஆனால் கருத்து வேறுபட்டாலும் அவரோடு வாதிட முடிகிறது. ஏனெனில் எச்சொல்லை எப்பொருளில் ஆள்கிறார் என்பதை முன்னமே சொல்லிவிடுகிறார்.

இவ்விடத்தில் சிறிது விலகிச் செல்ல வாசகர் பொறுத்தருள வேண்டும். உணவு விடுதியில் நுழைந்தவுடன் நாம் முதலில் கேட்பது, இது சைவமா என்றுதான். திருமண வீடுகளிலும் அப்படியே. அருகனை வணங்கும் நயினார் குடும்பத்தார் தம்மைச் சைவம் என்று சொல்லிக்கொள்கிறோம். கேட்பவரும் தவறாகக் கொள்வதில்லை. பள்ளியில் சேர்க்கும்போது சமயம் என்ற இடத்தில் அதே விடையை ஒரு குழந்தை சொல்லி, எழுதுபவரும் அப்படியே எழுதிக்கொண்டால் என்ன ஆகும்? இது கற்பனையன்று, நம் குடும்பங்களில் நடந்திருக்கிறது, திருத்துவதற்குப் பலமுறை அலைந்தும் இருக்கிறோம். ஒரு சொல் இலையில் ஒரு பொருளும், ஏட்டில் வேறொரு பொருளும் தருகிறது. கொல்லாமை நம்முடையது; அதன் பெயர் மட்டும் ஏனோ வேறு வீட்டில் தங்கிவிட்டது.

இராமலிங்கர் இந்த மயக்கத்தை உணர்ந்தவராகவே காணப்படுகிறார். மக்களைச் சமயத்தால் பகுக்காமல், கொலையும் புலையும் தவிர்த்தோரை அகவினத்தார் என்றும், தவிராதோரைப் புறவினத்தார் என்றும் இரண்டே பெயரால் பகுத்தார். சைவர், வைணவர், சமணர் என்ற பழைய பெயர்கள் இப்பகுப்பில் உதவுவதில்லை. புறவினத்தாராயினும் பசித்து வந்தால் உணவளித்தே ஆக வேண்டும் என்றும் விதித்தார். பெயரால் பிரித்த பின்பும் பந்தியில் பிரிக்கவில்லை.

1872ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள் வடலூரில் சத்திய ஞானசபை திறக்கப்பட்டது. வடலூருக்கு உத்தர ஞான சிதம்பரம் என்று பெயரிட்டார்; அதனால் பழைய சிதம்பரம் பூர்வ ஞான சிதம்பரம் ஆயிற்று. அதே ஆண்டில் சங்கம், சாலை, சபை ஆகிய மூன்றின் பெயர்களையும் மாற்றி அமைத்தார். சமரச வேத சன்மார்க்கம் என்றிருந்தது சமரச சுத்த சன்மார்க்கம் ஆயிற்று. வேத என்ற ஒரு சொல் நீங்கி சுத்த என்ற ஒரு சொல் புகுந்தது. பழைய பெயரோடே புதிய கொள்கையை நடத்தியிருக்கலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். கருத்து மாறியபோது சொல்லையும் மாற்றிவிட்டவர் அவர். அருட்பா வழக்கில் பட்ட பாடு அவரை இவ்வளவு எச்சரிக்கையாக்கியிருக்கலாம் என்பது நம் ஊகம்.

1873ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் கொடி ஏற்றி நீண்ட உரை ஒன்று ஆற்றினார். பேருபதேசம் என்று அது வழங்கப்படுகிறது. தமக்கு முன்பு சைவ சமயத்தில் இருந்த பற்று மிகப் பெரிது என்றும், அது இப்போது நீங்கிவிட்டது என்றும் அவ்வுரையில் மனம் திறந்து கூறினார். விலகி நிற்கும் நம்மவர் இப்பகுதியைப் படிக்க வேண்டும். கூடியிருந்தோர் விசாரம் இன்றி இருக்கிறார்கள் என்று கடிந்துகொண்டவர், விசாரம் என்ற சொல்லையே பிரித்துக் காட்டினார். உலக வழக்கில் விசாரம் என்றால் கவலை. அவர் வேண்டியதோ ஆராய்ச்சி. சொல்லின் முன்னெழுத்தைத் தனியே எடுத்து, உலகக் கவலையை விலக்கி உண்மையை ஆராய்வதே அச்சொல்லின் பொருள் என்று விளக்கினார். ஐம்பதாம் வயதில், உடல் தளர்ந்த நிலையில், தம்மைத் தெய்வமாகப் பார்க்கும் கூட்டத்தின் முன் நின்று ஒரு சொல்லின் பகுபதத்தைப் பிரித்துக்கொண்டிருந்த காட்சி நம் கண்முன் நிற்கிறது.

1874ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் அவர் சித்திவளாகத்து அறைக்குள் புகுந்தார். கதவு சாத்தப்பட்டது. மீண்டும் அவரை யாரும் காணவில்லை. நாவலர் 1879இல் மறைந்தார்.

சண்டை மட்டும் மறையவில்லை. ஆறாந் திருமுறை 1885இல் வெளிவந்தது. நாவலர் மரபில் நா. கதிரைவேற்பிள்ளை மருட்பா என்று வாதிட, கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் அருட்பாவே என்று மேடைதோறும் பேசினார். சைவருக்குள் எழுந்த வழக்கில் இசுலாமியப் புலவர் ஒருவர் வந்து துணைநின்றது தமிழ்நாட்டிற்கே உரிய அழகு. காலம் செல்லச் செல்ல அச்சொல் பழகிப்போயிற்று. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஔவை சு. துரைசாமிப் பிள்ளையின் உரையோடு பல தொகுதிகளாக வெளியிட்டபோது, திருவருட்பா என்ற பெயரை யாரும் வழக்காடவில்லை. அதே துரைசாமிப் பிள்ளைதான் நம் யசோதர காவியத்திற்கும் உரை கண்டவர். மாக்கோழியின் கதையும் அருட்பாவும் ஒருவர் கையில் உரை பெற்று, நம் இல்லங்கள் சிலவற்றில் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து இருக்கின்றன.

வடலூர் வழியே செல்வோர் தருமச்சாலையில் உணவருந்திச் செல்லலாம். பந்தியில் அமர்பவரிடம் அங்கே பெயரையும் கேட்பதில்லை, சமயத்தையும் கேட்பதில்லை.